டுகாட்டோவுக்குக் காற்று பிடிக்கும்போது

கேம்பர் வேன், அதாவது உள்ளேயே தூங்கிச் சமைக்கும்படி கட்டிய வேன், வாங்கிய நண்பர்கள் சோலார் பேனலைப் பற்றிக் கேட்பார்கள், ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்பார்கள். டயரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் ஜெர்மனியில் ஓட்டுவது ஃபியட் டுகாட்டோ மேல் கட்டிய வண்டி. மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. டயர் அளவு 225/75 ஆர் 16 சிபி. சிபி என்று போட்டிருந்தால் கேம்பருக்கென்றே செய்த டயர். வருஷம் முழுக்கப் பாரத்தோடு நிற்கும் வண்டி என்பதால் பக்கச்சுவரைப் பலமாகக் கட்டியிருப்பார்கள்.

காருக்கு 2.3 பார் (bar, காற்றழுத்த அளவு) பிடித்துப் பழகியவர்களுக்கு, இதில் 5.5 பார் என்றதும் கை நடுங்கும். ஏறக்குறைய 80 பிஎஸ்ஐ. பயப்பட வேண்டாம், இந்த டயருக்கு அது சரியான அளவுதான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். பழைய உரிமையாளர் வேறு அளவோ வேறு வகையோ டயர் மாற்றியிருந்தால் அந்த ஸ்டிக்கரை நம்பாமல், எடைக்கு ஏற்ற காற்றளவைச் சொல்லும் டயர் கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் வண்டியை எடை போடுங்கள். வெறும் வண்டியை அல்ல, பயணம் கிளம்பும் கோலத்தில். தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் அதுவே 100 கிலோ. எங்கள் வீட்டில் அரிசி மூட்டை, கிரைண்டர், நாலு சைக்கிள் எல்லாம் ஏறும். கிரைண்டர் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. எடை மேடையில் முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும் சைக்கிள்கள் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, தங்கள் எடையைவிட அதிகமாகப் பின் அச்சை அழுத்தும். டயரில் பாரத்தைக் குறிக்கும் எண் 116 என்று இருந்தால் ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும், அதுவும் உரிய காற்று இருந்தால் மட்டும்.

5.5 பாரில் பின்பக்கம் கல்லுக் கல்லாகக் குதிக்கும், எவர்சில்வர் பாத்திரமெல்லாம் கச்சேரி நடத்தும். உடனே நாலு பாருக்கு இறக்கிவிடலாமா என்று தோன்றும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். ஆகஸ்ட் வெயிலில், முழுப் பாரத்தோடு ஆட்டோபானில் (ஜெர்மனியின் விரைவுச் சாலை) டயர் வெடிப்பது இப்படித்தான். பாத்திரங்களுக்கு நடுவில் துண்டை வையுங்கள், காற்றை இறக்காதீர்கள்.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். ஓடி வந்த வண்டி என்றால் மூன்று மணி நேரமாவது நிற்கட்டும். ஓடிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடக் கூடாது. வெளி வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இந்த டயரில் சுமார் 0.2 பார் இறங்கும். 20 டிகிரியில் பிடித்துவிட்டு, பூஜ்ஜியத்துக்கு இறங்கிய பனிக் காலையில் பார்த்தால் 0.4 பார் காணாமல் போயிருக்கும். ஓட்டை ஒன்றும் இல்லை, குளிர்தான்.

பெட்ரோல் பங்கில் சில கருவிகள் 5.5 வரை போகாது. அங்கே கையில் தூக்கிக்கொண்டு போகும் உருண்டைக் காற்றுக் கலன் இரண்டு டயரிலேயே மூச்சு வாங்கும்; அதன் இடத்தில் திரும்ப மாட்டிக் காற்று நிரப்ப வேண்டும். சொந்தமாக 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்குவதென்றால் பேட்டரியில் நேராகக் கவ்வும் வகை நல்லது. ஒவ்வொரு டயருக்கும் இடையில் அதை ஆறவிடுங்கள். எதில் பிடித்தாலும் கடைசியில் உங்கள் கேஜில் ஒரு தரம் சரிபாருங்கள்.

நான் ரொம்பக் கறாராக இருப்பது வால்வு விஷயத்தில். சாதாரண கார்களுக்குப் போடும் ரப்பர் வால்வு, டிஆர் 413 வகை, 65 பிஎஸ்ஐ வரைதான் தாங்கும். அவசரத்தில் டயர் கடையில் அதையே இதற்கும் மாட்டிவிடுவது உண்டு. டயர் மாற்றும்போது உலோக வால்வு வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இருக்கும் வால்வைக் கட்டைவிரலால் லேசாகச் சாய்த்து அடியைப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். சந்தேகமென்றால் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், கசிவு இருந்தால் குமிழ் வரும்.

கேம்பர் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நாலு இலக்கம் 3219 என்றால் 2019-இன் 32-வது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டினால் வருஷாவருஷம் கடையில் காட்டுங்கள். பத்து ஆகிவிட்டால், தரையில் படும் பட்டை புதுசு மாதிரி இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், வால்வு மூடி பிளாஸ்டிக்கே போதும். பளபளக்கும் அலுமினிய மூடி, குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு பட்டு இறுகிவிட்டால் லேசில் கழலாது.