காவிரி டெல்டாவுக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தை மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ஒருத்தி பினாங்கு, இன்னொருத்தி பிரான்ஸ். வந்த மறுநாளே ஊரின் பெரிய மாடி வீட்டில் பெட்டியை இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. நான் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவள். 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு இங்கே வந்து, முதல் வாரத்திலேயே செய்த தவறு அதுதான்.

எப்படி உடுத்துவது, ராத்திரியில் எங்கே போகக்கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் கூப்பிட்ட வீட்டில் தங்குவது

என் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். தமிழ் தெரியும், பூர்வீகமும் இந்தப் பக்கம், எனக்கென்ன இடைஞ்சல் வந்துவிடும் என்று நம்பித்தான் வந்தேன்.

நவம்பர் 16 விடியற்காலையில் புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்திருந்தது. பத்து நாள் கழித்து, சேதமான வீடுகளைக் கணக்கெடுக்க நான் போய்ச் சேர்ந்தேன். நிலக்காரர் வீட்டில் மாடி அறை கொடுத்தார்கள். வாடகை வேண்டாம், மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேயே. அந்த வீட்டம்மா என்னைப் பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொண்டார். அந்த அன்பில் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் திண்ணையிலேயே நோட்டை விரித்துப் பெயர் எழுத ஆரம்பித்தேன்.

இரண்டு வாரம் ஜனம் வந்துகொண்டே இருந்தது. தலித் மக்கள் குடியிருக்கும் காலனித் தெருவிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. அங்கே சேதம் குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்க்காமலே அப்படி நினைத்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கூரை வீடுகள் அதிகம் இருந்ததே அந்தத் தெருவில்தான்.

ஒரு சாயங்காலம் கொல்லைப்புறத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த ஆயாவிடம், "ஏன் ஆயா, நீங்க பேரு குடுக்கலை?" என்று கேட்டேன்.

"நீங்க ஆண்டை வீட்டு விருந்தாளி. அந்தத் திண்ணையில வந்து நாங்க எப்படிம்மா ஒக்கார்றது?"

அப்புறம் ஓடிப் போய்ப் பார்த்தால், 37 வீடுகள் விடுபட்டிருந்தன. தார்ப்பாய் லாரி அதற்கு முந்தின வாரமே வந்து காலியாகிப் போயிருந்தது. மழை விட்டபாடில்லை. கைக்குழந்தைக்காரிகள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்திருந்தார்கள். அடுத்த லாரி வர 19 நாள் ஆனது. அந்தத் தெருப் பெண்கள் என்னிடம் மனம்விட்டுப் பேச இரண்டு வருஷம் ஆனது.

இங்கே ஊர் வேறு, காலனி வேறு. "பாட்டிக்கு எந்தத் தெரு?" என்று உங்களிடம் யாராவது கேட்டால், அது சாதியைக் கேட்கும் கேள்வி. 1960களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய், அக்ரகாரத்து வீட்டில் தங்கியதால் ஊர் தன்னைப் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்தது என்று எழுதியிருக்கிறார். கூலித் தகராறில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த கீழ்வெண்மணியும் இதே டெல்டாவில்தான் இருக்கிறது. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். திண்ணையேறத் தயங்குகிறவர்களைக் கூச்சப்படுகிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

பக்கத்து டவுனில் வாடகைக்கு அறை எடுங்கள். பஸ்ஸில் போய் வாருங்கள். முதல் நாள் காலனித் தெருவுக்குப் போங்கள். அங்கன்வாடி டீச்சரைப் பிடித்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நடவுக் காலத்தில் காலையில் போகாதீர்கள், பெண்கள் வயலில் இருப்பார்கள். பெரிய வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் தாராளமாகப் போய்ச் சாப்பிடுங்கள். படுக்கையும் நோட்டும் மட்டும் அங்கே வேண்டாம்.

தண்ணீரை மறுப்பது

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பயந்து பாட்டில் தண்ணீரோடு போகிறோம். காலனித் தெருவில் ஒரு அம்மா சொம்பை நீட்டும்போது "வேண்டாம்" என்றால், உங்கள் வயிறு அவருக்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையாகக் கேட்ட "வேண்டாம்"தான் காதில் விழும். "சூடா ஒரு டீ குடுங்கக்கா" என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். கொதித்த டீ வயிற்றையும் கெடுக்காது. அவர்கள் வீட்டு டம்ளரிலேயே குடியுங்கள்.

இல்லாத கணவர்

தொந்தரவு வராது என்று, ஊரில் கணவர் இருப்பதாகச் சிலர் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள். போனில் பேசு என்பார்கள், படம் காட்டு என்பார்கள், பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்பார்கள். ஒரு பொய் வெளிப்பட்டால், நீங்கள் எடுத்த கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். "இன்னும் ஆகலைம்மா" போதும்.

நடவு வயலில் கேமரா

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நிற்கிறார்கள். எடுக்காதீர்கள்.

பதிவு

வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் பதிய வேண்டும். கிராமத்தில் பலருக்கு இது தெரியாது. நீங்கள்தான் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சிக்கல் அவருக்கு. வீடு மாறினாலும் இதே கதைதான். அந்தப் பினாங்குப் பெண் இப்போது திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் அறை பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாவி வாங்கிய அன்றே பதிவை முடித்துவிடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.