கிழிச்சிட்டா போதும்னு நெனைக்காதீங்க: ஆபீஸ் பேப்பரை ஒழிக்கிறதுல நடக்குற தவறுகள்

போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் வேலூர் லாங்கு பஜார்ல வேர்க்கடலை வாங்கி தின்னுட்டு பொட்டலத்தை பிரிச்சு பார்த்தா உள்ள ஒரு பாஸ்போர்ட் ஜெராக்ஸ், பாதி முகம் கறுப்படிச்சு இருக்கு ஆனா நம்பர் முழுசா தெரியுது, மூலையில நான் வேலை பாக்குற லாட்ஜோட ரப்பர் ஸ்டாம்ப். கை நடுங்கிடுச்சு. வைத்தியத்துக்காக வங்கதேசத்துல இருந்து வந்து எங்ககிட்ட தங்கி இருந்த ஒரு அம்மாவோடது அது.

வேலூர்ல லாட்ஜ்ல வேலை பாக்குறவங்களுக்கு தெரியும், ரூம் குடுக்கணும்னா ஆதார் காப்பி, வெளிநாட்டுக்காரங்கன்னா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க தங்குற விவரத்தை அரசாங்கத்துக்கு ஃபார்ம்ல குடுக்கணும் அதுக்கு பாஸ்போர்ட் விசா காப்பி, இதுக்கு நடுவுல ஆஸ்பத்திரி சீட்டு ஸ்கேன் ரிப்போர்ட்னு எல்லாம் நம்ம டேபிள் மேலதான் வந்து சேருது. உடம்பு முடியாம ஊர் விட்டு ஊர் வந்தவங்க நம்மள நம்பி குடுத்துட்டு போற பேப்பர்ங்க.

எப்படி வெளிய போச்சுன்னு விசாரிச்சேன். ஜெராக்ஸ் சரியா விழலன்னு ரிசப்ஷன் தம்பி அதை ரஃப் பேப்பர் கட்டுல வெச்சிருக்கான், கட்டு பெருசானதும் க்ளீனிங் பண்ற அக்கா நியூஸ்பேப்பரோட சேர்த்து கிலோ கணக்குல பழைய பேப்பர் கடைக்கு போட்டுட்டாங்க. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல, அவங்களுக்கு யாருமே சொல்லல. முதல் பெரிய தப்பு இதுதான், ட்ரெயினிங்னு ரிசப்ஷன்ல இருக்கிறவங்களை மட்டும் உக்கார வெச்சு பேசுறோம், குப்பையை கையில எடுக்கிறவங்களை கூப்பிடுறதே இல்ல. ரஃப் பேப்பர் பழக்கமும் அப்படித்தான், சிக்கனம்னு நெனச்சு பின்பக்கம் கணக்கு எழுதுறோம், முன்பக்கம் யாரோட ஆதாரோ இருக்கு.

ரெண்டாவது, நாலா கிழிச்சு டஸ்ட்பின்ல போட்டா முடிஞ்சுதுன்னு நம்புறது. நம்ம ஊர்ல மாநகராட்சி ஷெட்டுல குப்பையை ஆளுங்க கையாலதான் பிரிக்கிறாங்க, பேப்பர் தனியா போகுது, அதனால டஸ்ட்பின்ல விழுந்தது யார் கண்ணுக்கும் படாதுன்னு சொல்ல முடியாது. என் ஆதார் காப்பியையே நாலா கிழிச்சு ரெண்டு பசங்ககிட்ட குடுத்தேன், டேப் ஒட்டி நம்பரை படிச்சு காட்டிட்டாங்க, ரெண்டு நிமிஷம் கூட ஆகல. பேப்பரை வெட்டுற ஷ்ரெட்டர் மெஷின் இருக்குன்னும் நிம்மதியா இருக்க முடியாது. 1979ல டெஹ்ரான்ல அமெரிக்க தூதரகத்தை பிடிச்சப்போ நீள நீளமா வெட்டி வெச்சிருந்த பேப்பர்களையே பொறுமையா உக்காந்து ஒட்டி படிச்சிட்டாங்க. குறுக்கால பிரிண்ட் எடுத்த ரிஜிஸ்டர் ஷீட்டை நீள பட்டையா வெட்டுற ஷ்ரெட்டர்ல விட்டு பாருங்க, ஒரு பட்டையில பேரு, ஊரு, போன் நம்பர்னு ஒரு வரி அப்படியே உயிரோட வரும். பொடிப்பொடியா வெட்டுற க்ராஸ் கட் மெஷின் வாங்குங்க, மெஷின் மேல பி-4னு பாதுகாப்பு லெவல் போட்டிருந்தா ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல இருக்காது.

மெஷின் வாங்க வசதி இல்லன்னா மொட்டை மாடியில போட்டு கொளுத்தாதீங்க. கட்டா போட்டா ஓரம்தான் கருகும், நடுவுல இருக்கிறது எரியாது, பாதி எரிஞ்ச தாள் காத்துல பறந்து பக்கத்து வீட்டு வாசல்ல போய் விழும், புகை வேற. நம்ம பாட்டிங்க பேப்பரை ஊற வெச்சு வெந்தயம் போட்டு அரைச்சு கூடை செய்வாங்களே, அதே வழிதான். பக்கெட்ல ராத்திரி பூரா ஊற வெச்சு காலையில கையால பிசைஞ்சு கூழாக்கிடுங்க, சும்மா ஊறுனா போதாது, ஜெராக்ஸ், லேசர் பிரிண்டர் எழுத்து தண்ணியில கரையாது, தாளைத்தான் குலைக்கணும்.

பயந்துபோய் எல்லாத்தையும் அழிக்கிறதும் தப்பு. ஜிஎஸ்டி கணக்கு வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியில இருந்து 72 மாசம் இருக்கணும், கேஸ் எதாவது ஓடுனா அந்த பேப்பரை தொடவே கூடாது. டப்பா மேல எந்த தேதிக்கு அழிக்கணும்னு மார்க்கர்ல எழுதி வெச்சிடுங்க. அழிக்க வேண்டியதை டேபிளுக்கு கீழ திறந்த அட்டைப்பெட்டியில சேர்க்காதீங்க, பூட்டு போட்ட பெட்டி, சாவி ஒருத்தர்கிட்ட, அவ்ளோதான். வாங்கும்போதே கம்மியா வாங்குங்க, கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்ட் ஆதார் போதும்ங்கிற இடத்துல முழு காப்பி எதுக்கு?

சுவத்துல சர்க்குலர் ஒட்டி கையெழுத்து வாங்குறதால யாரும் மாறல, நான் பார்த்துட்டேன். அதனால எல்லாரையும், அக்காவையும் சேர்த்து, பழைய பேப்பர் கடைக்கே கூட்டிட்டு போனேன். கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு குவியலை லேசா புரட்டுனோம். சம்பள சீட்டு, பாஸ்புக் பக்கம், யாரோ ஒரு பொண்ணோட ரத்த பரிசோதனை ரிப்போர்ட். அக்கா அந்த ரிப்போர்ட்டை மட்டும் மடிச்சு கையில வெச்சுக்கிட்டு, இதை நான் கொண்டுபோய் ஊற வெச்சிடுறேன் தம்பின்னாங்க. மறுநாள் காலையில வந்து பார்த்தா ரிசப்ஷன்ல ரஃப் பேப்பர் கட்டு இல்ல.