கட்டற்ற மென்பொருளுக்குப் பெயரிடும்போது

கட்டற்ற மென்பொருளுக்கு (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளுக்கு) பெயர் தேடத் தொடங்கும் முன், அது செய்யும் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்குச் செலவிட வழியில்லாத திட்டங்களுக்குப் பெயரே முதல் அறிமுகம் என்பதால், அந்த வாக்கியத்தின் முதன்மைச் சொல் பெயரிலும் ஏதேனும் ஒரு வடிவில் தென்படுவது நல்லது. லிப்ரேஆபிஸ் என்றவுடன் அது அலுவலகப் பணிக்கானது என்று தெரிந்துவிடுகிறது. கிம்ப் என்பதை வைத்து அது படங்களைத் திருத்தும் கருவி என்று யாராலும் ஊகிக்க முடியாது. உருவாக்குநர்களுக்கு மட்டும் விளங்கும் சுருக்கப் பெயர்கள் புதியவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, அந்தப் பெயர் முன்பே புழக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். மோசில்லாவின் உலாவி 2002இல் பீனிக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. வணிகக்குறிச் சிக்கலால் 2003இல் பயர்பேர்ட் என்று மாறியது. அந்தப் பெயரில் ஏற்கெனவே கட்டற்ற தரவுத்தளம் ஒன்று இருந்ததால் எதிர்ப்பு எழ, 2004இல் பயர்பாக்ஸ் ஆனது. வலையமைப்புப் போக்குவரத்தை ஆராயும் எத்தீரியல் 2006இல் வயர்ஷார்க் ஆனதற்கும், உடனடிச் செய்தி மென்பொருளான கெய்ம் 2007இல் பிட்ஜின் ஆனதற்கும் காரணம் வணிகக்குறியே. எனவே தேடுபொறியோடு நிறுத்திவிடாமல், வணிகக்குறிப் பதிவேடுகளிலும், உங்கள் மென்பொருள் சென்று சேரக்கூடிய பொதிக் களஞ்சியங்களிலும் (பயனர்கள் மென்பொருள்களைப் பெற்று நிறுவும் இணையத் தொகுப்புகளிலும்) தேடிப் பாருங்கள்.

முனையத்தில் (கட்டளைகளை எழுத்தில் இடும் சாளரத்தில்) தட்டச்சிடும் கட்டளையின் பெயரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் 'நோட்' என்ற கட்டளை அமெச்சூர் வானொலி நிரல் ஒன்றுக்கு உரியதாக இருந்ததால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ் அங்கே சில ஆண்டுகள் 'நோட்ஜேஎஸ்' என்ற கட்டளையாகவே நிறுவப்பட்டது. அதனால், 'நோட்' என்ற கட்டளையை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல்கள் அந்தக் கணினிகளில் அப்படியே இயங்கவில்லை.

அன்றாடப் பொதுச்சொல்லை மட்டும் பெயராக வைத்தால் தேடலில் அது தொலைந்துபோகும். கோ என்னும் நிரலாக்க மொழியைத் தேடுவோர் இன்றும் கோலேங் என்றே தட்டச்சிட வேண்டியிருக்கிறது. எழுத்து வடிவத்தில் பெரிய சிக்கல் இல்லை: ஆங்கிலச் சிற்றெழுத்துகள், எண்கள், இணைப்புக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் டெபியன் உட்படப் பெரும்பாலான களஞ்சியங்கள் ஏற்கும்.

பெயர் முடிவானதும், முதல் வெளியீட்டுக்கு முன்பே அதைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அவர் தவறாக எழுதினால் பெயரை மாற்றத் தயங்காதீர்கள். அந்தக் கட்டத்தில் மாற்ற வேண்டியவை ஓரிரு கோப்புகள் மட்டுமே.