ஹாஜியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ருமேனியக் கால்பந்து வீரர் கியோர்கே ஹாஜியைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே தீர்ப்புதான் கண்ணில் படுகிறது: ஆட்டக்காரராக மேதை, பயிற்சியாளராகத் தோல்வி. முதல் பாதியில் யாருக்கும் சண்டை இல்லை. இரண்டாவது பாதிதான் தவறு, அதுவும் சோம்பலில் பிறந்த தவறு. ஏனென்றால் அப்படி எழுதுகிறவர்களில் பலர் 2011-ஆம் ஆண்டோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். அந்த மனிதர் பயிற்சியாளராக லீக் பட்டம் வென்றதே அதற்குப் பிறகுதான். ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் கருங்கடல் ஓரத்தில், தானே உருவாக்கிய ஒரு கிளப்பை வைத்து.

அதற்கு முன்னால், ஆட்டக்காரராக இருந்த காலத்தைப் பற்றி வரும் தவறுகளைப் பார்த்துவிடலாம். இவற்றைத் திருத்தாமல் பயிற்சியாளர் ஹாஜியைப் புரிந்துகொள்ள முடியாது.

1986-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஸ்டெயாவா புக்கரெஸ்ட் அணியில் ஹாஜி இருந்தார் என்று எழுதுவது எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கும் பிழை. அவர் அப்போது ஸ்போர்டுல் ஸ்டுடென்செஸ்க் என்ற இன்னொரு புக்கரெஸ்ட் அணியில் இருந்தார். செவில்லில் பார்சிலோனாவின் நான்கு பெனால்டிகளை ஹெல்முத் துக்கடாம் தடுத்த அந்த இரவுக்கும் ஹாஜிக்கும் தொடர்பே இல்லை. 1987 பிப்ரவரியில் டைனமோ கீவுக்கு எதிரான சூப்பர் கப் ஆட்டம் மொனாக்கோவில் நடந்தபோது, அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் ஸ்டெயாவா அவரைக் கடனாக வாங்கியது. ஹாஜி அடித்த ஃப்ரீ கிக்தான் ஆட்டத்தின் ஒரே கோல், கோப்பை வந்தது, அப்புறம் அவரைத் திருப்பி அனுப்பவே இல்லை. ராணுவத்தின் கிளப், பின்னால் நின்றவர் சர்வாதிகாரியின் மகன் வாலந்தீன் சௌஷெஸ்கு, ஸ்போர்டுல் போய் யாரிடம் முறையிடும்? இதைச் சாதாரண 'டிரான்ஸ்ஃபர்' என்று எழுதுவதும் தவறுதான். ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஹாஜி ஆடியது 1989-இல், கேம்ப் நோவில், ஏசி மிலானிடம் 0-4 என்று தோற்ற ஆட்டத்தில். அந்தக் கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை.

எண்பதுகளின் ருமேனிய லீக் கோல் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் கவனம் வேண்டும். ஹாஜி 1984-85-இலும் 1985-86-இலும் லீக்கில் அதிக கோல் அடித்தவர், இரண்டாவது பருவத்தில் 31 கோல். அவர் திறமையில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆனால் அதே லீக்கில் அதற்கு அடுத்த பருவம் டைனமோ புக்கரெஸ்டின் ரோடியோன் கமதாரு 44 கோல் அடித்து ஐரோப்பாவின் தங்கக் காலணி வாங்கியதும், அந்த எண்ணிக்கை மீது எழுந்த சந்தேகத்தால் பின்னாளில் ஆஸ்திரியாவின் டோனி போல்ஸ்டருக்கும் ஒரு தங்கக் காலணி கொடுக்க வேண்டி வந்ததும் நடந்த விஷயங்கள். ஹாஜியின் மதிப்பை நிறுவ அந்தக் கோல் எண்ணிக்கை தேவையே இல்லை, அதனால் அதன் மேல் வாதத்தைக் கட்டாதீர்கள்.

ரியல் மாட்ரிட்டிலிருந்து நேராக பார்சிலோனாவுக்குப் போனவர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பது அடுத்தது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது, 1990 உலகக் கோப்பை முடிந்ததும் மாட்ரிட் அவரை வாங்கியது, இரண்டு வருடம் அங்கே. பிறகு போனது இத்தாலியின் பிரெஷாவுக்கு, மிர்ச்சா லுசெஸ்குவின் அணிக்கு. அதே லுசெஸ்குதான் 1983-இல் 18 வயது ஹாஜிக்கு தேசிய அணியில் முதல் வாய்ப்புக் கொடுத்தவர். பிரெஷா 1993-இல் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது, ஹாஜி அதோடு இறங்கினார், மறு வருடமே அணி மேலே வந்தது. அதாவது 1994 உலகக் கோப்பைக்கு அவர் வந்தது செரி பி ஆட்டக்காரராக! இதை விட்டுவிட்டால் அந்தக் கோடை முழுக்கத் தட்டையாகிவிடும். பாசடீனாவில் கொலம்பியாவுக்கு எதிராக இடது ஓரத்திலிருந்து கோல்கீப்பர் தலைக்கு மேலே தூக்கிப் போட்ட அந்தப் பந்து, அர்ஜென்டினாவை 3-2 என்று வீட்டுக்கு அனுப்பிய ஆட்டம், ஸ்வீடனிடம் பெனால்டியில் கைவிட்டுப்போன காலிறுதி, எல்லாமே இரண்டாம் நிலை லீக்கில் ஒரு வருடம் உழைத்துவிட்டு வந்தவரின் வேலை. யோஹன் க்ரைஃப் அவரை பார்சிலோனாவுக்கு எடுத்தது அதன் பிறகுதான்.

'கார்பேத்திய மலைகளின் மரடோனா' என்ற பட்டப்பெயரையே விளக்கமாக்கி நிறுத்திக்கொள்வதையும் தவிர்க்கலாம். இடது கால், பத்தாம் எண் சட்டை, கோபம், இதற்கு மேல் அந்த ஒப்பீடு எதையும் சொல்வதில்லை. கோபம் என்றால் உண்மையிலேயே கோபம். 2000 மே 17-ஆம் தேதி கோபன்ஹேகனில் ஆர்சனலுக்கு எதிரான யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியில் கூடுதல் நேரத்தில் டோனி ஆடம்ஸுடன் மோதிச் சிவப்பு அட்டை வாங்கினார். அவர் அப்போது ஆடிய துருக்கி கிளப்பான கலாடசராய் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து பெனால்டியில் 4-1 என்று வென்றது, கடைசிப் பெனால்டியை அடித்தவர் அவருடைய சகலை போபெஸ்கு. அடுத்த மாதமே யூரோ காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக மறுபடியும் சிவப்பு அட்டை, அதுவே ருமேனியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். ரசிகர்கள் பலர் இந்த இரண்டாவது அட்டையைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். தாண்ட வேண்டியதில்லை. பின்னால் அவர் பயிற்சியாளராக உட்கார்ந்த பெஞ்சுகளிலும் அதே மனிதர்தான் உட்கார்ந்திருந்தார்.

எண்கள் வேண்டுமென்றால்: தேசிய அணிக்கு 124 ஆட்டம், 35 கோல். அதிக ஆட்டம் ஆடியவர் அவர் இல்லை, டோரினெல் முன்தெயானு, 134. கோலில் அட்ரியான் முட்டு அவரோடு சமம்.

சரி, இனி பயிற்சியாளர் ஹாஜி.

முதல் தவறு, அவருடைய எல்லா வேலைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி வெற்றி தோல்வி எண்ணுவது. 2001-இல் லாஸ்லோ போலோனி ஸ்போர்டிங் லிஸ்பனுக்குப் போனபோது காலியான ருமேனியத் தேசிய அணிப் பொறுப்பு ஹாஜிக்கு வந்தது. ஆட்டக்காரராக ஓய்வு பெற்ற அதே ஆண்டு. அதற்கு முன் எந்த அணிக்கும் அவர் பயிற்சியாளராக இருந்ததில்லை. உலகக் கோப்பைக்கான ப்ளே-ஆஃபில் ஸ்லோவேனியாவிடம் அங்கே 1-2, புக்கரெஸ்டில் 1-1, முடிந்தது கதை. 1990, 94, 98 என்று தொடர்ந்து போன அணி 2002-க்குப் போகவில்லை. பழி முழுவதும் ஹாஜி மேல் விழுந்தது. அவர் அந்த வேலையை அப்போது ஏற்றிருக்கவே கூடாது என்பது என் கருத்து, ஆனால் அதைக் கொடுத்த கால்பந்துச் சங்கத்தின் அவசரத்தை யாரும் எழுதுவதில்லை. பெரிய ஆட்டக்காரர் என்பதாலேயே ஒருவரிடம் தேசிய அணியைத் தூக்கிக் கொடுப்பது ஒரு நாடு தன் நாயகனுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம் துருக்கியில் பர்சாஸ்போர், சீக்கிரமே முடிந்தது. 2004-05-இல் கலாடசராய். இந்த ஒரு பருவத்தையும் 'தோல்வி' என்று எழுதுகிறார்கள், லீக்கில் மூன்றாம் இடம் என்பதால். ஆனால் அந்த வருடத் துருக்கிக் கோப்பை இறுதியில் ஃபெனர்பாஹ்சேயை 5-1 என்று நொறுக்கியது ஹாஜியின் அணி. இஸ்தான்புல்லில் அந்த இரு கிளப்புகளுக்கிடையில் ஐந்து கோல் என்றால் என்ன என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃபிராங்க் ரிபெரி என்ற பெயரை ஐரோப்பா கவனிக்கத் தொடங்கியதும் அந்த அரைப் பருவத்தில்தான்.

2007-இல் ஸ்டெயாவா. சாம்பியன்ஸ் லீக் குழுநிலைக்கு அணியைக் கொண்டுபோனார், செப்டம்பரிலேயே விலகினார். யார் ஆட வேண்டும் என்பதில் முதலாளி ஜிஜி பெகாலி தலையிட்டதுதான் சண்டை. 2010 அக்டோபரில் ஃபிராங்க் ரைகார்டின் இடத்தில் மறுபடி கலாடசராய், 2011 மார்ச்சில் வெளியே. இது உண்மையான தோல்வி, இதற்குச் சாக்குச் சொல்ல நான் வரவில்லை.

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது அம்சம் உண்டு. அணி வேறொருவர் சேர்த்தது, பணம் வேறொருவருடையது, பொறுமை சில வாரத்துக்கு மேல் யாரிடமும் இல்லை, ஹாஜியிடமும்கூட இல்லை. அவரை மதிப்பிட வேண்டிய இடம் இது என்று நான் நினைக்கவில்லை.

இடம் ஓவிதியு. கொன்ஸ்தான்ட்சாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். 2009-இல் அங்கே வீட்டோருல் என்ற கிளப்பையும் ஓர் அகாடமியையும் ஹாஜி தொடங்கினார். இரண்டாம் முறை கலாடசராய் போய்த் தோற்பதற்கு முன்பே இந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். வேறு வேலை கிடைக்காததால் அகாடமி தொடங்கினார் என்று எழுதுவது தேதியிலேயே தப்பு. அவருடைய சொந்தப் பின்னணியும் இங்கே முக்கியம்: சிறுவனாக இருந்தபோது லுசெயாஃபருல் என்ற தேசிய இளைஞர் மையத்தில் இருந்தவர் அவர். அந்த மாதிரி ஏற்பாடுகள் 1989-க்குப் பிறகு தேய்ந்துபோயின, கிளப்புகளுக்கு முதலாளிகள் வந்தார்கள், பதினாறு வயதுப் பையனுக்காக ஐந்து வருடம் காத்திருக்க யாருக்கும் மனமில்லை. ஹாஜி தன் சொந்தப் பணத்தை அதில்தான் போட்டார்.

மூன்றாம் நிலையில் தொடங்கி 2012-இல் முதல் நிலைக்கு வந்தார்கள். 2014-இல் அவரே பயிற்சியாளரானார். 2016-17-இல் பட்டம். கிளப்புக்கு வயது எட்டு. அந்தப் பட்டத்தை 'விதிமுறையால் கிடைத்தது' என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. வீட்டோருலுக்கும் எஃப்சிஎஸ்பிக்கும் (பெகாலியின் புக்கரெஸ்ட் கிளப்) 44 புள்ளிகள் சமம், நேருக்கு நேர் ஆட்டங்களின் கணக்கில் வீட்டோருல் முன்னால், எஃப்சிஎஸ்பி விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போயும் முடிவு மாறவில்லை. விதி பருவம் தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருந்தது. 2019-இல் ருமேனியக் கோப்பையும் சூப்பர் கோப்பையும் வந்தன.

2021-இல் வீட்டோருல், ஃபாருல் கொன்ஸ்தான்ட்சாவோடு இணைந்தது. இதைத் தெரியாமல் 2023 பட்டத்தை வேறு கிளப், வேறு கதை என்று பிரித்து எழுதுகிறவர்கள் உண்டு. ஃபாருல்தான் 1982-இல் 17 வயது ஹாஜி முதல் நிலைக் கால்பந்து ஆடத் தொடங்கிய அணி. பெயர் பழைய கிளப்பினுடையது, அகாடமியும் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் பெருமளவு ஓவிதியுவினுடையவை. 2023 மே மாதம் அதே ஓவிதியுவில் எஃப்சிஎஸ்பிக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று வென்று பட்டத்தை உறுதிசெய்தார்கள். ஃபாருல் பெயரில் அதுதான் முதல் லீக் பட்டம்.

இங்கே எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். ருமேனியக் கால்பந்தையே ஹாஜி காப்பாற்றினார் என்று எழுதாதீர்கள். அவருடைய அணிகள் ஐரோப்பாவில் பெரிதாக எதுவும் செய்யவில்லை: 2016-இல் பெல்ஜியத்தின் கென்டிடம் 0-5, 2017-இல் சைப்ரஸின் அபோயலை 1-0 என்று வென்றுவிட்டு மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 0-4. வீட்டோருலோ ஃபாருலோ அவர் கையில் ஒருமுறைகூட குழுநிலைக்குப் போகவில்லை. நல்ல ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து விற்றுத்தான் கிளப் பிழைத்தது, அதனால் ஜூலை மாதத் தகுதிச் சுற்றுக்குப் போகும்போது போன பருவத்து அணி பாதிதான் மிஞ்சும். பின்னாலிருந்தே பந்தைக் கட்டி ஆட வேண்டும் என்ற அவர் பிடிவாதமும் வலுவான அணிகளுக்கு எதிராக விலை கேட்டது.

ஆனால் விற்றவர்கள் யார் என்று பாருங்கள். 2014-இல் 16 வயதில் தேசிய அணிக்கு ஆடிய கிறிஸ்டியான் மானெயா. யூரோ 2024-இல் இரண்டு கோல் அடித்த ரஸ்வான் மாரின். ஃப்ளோரினெல் கோமான். பிறகு மகன் யானிஸ். யானிஸ் அப்பாவின் பெயரால் வந்தார் என்று சொல்வது சுலபம், இளம் வயதிலேயே அவரை வீட்டோருலில் கேப்டனாக்கியது அப்பாதான் என்பதும் உண்மை. அதோடு நிறுத்திவிட்டால் தவறு. 2020 பிப்ரவரியில் கிளாஸ்கோவில் பிராகாவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கிய ரேஞ்சர்ஸ் 3-2 என்று வென்ற இரவில் யானிஸ் அடித்த இரண்டு கோலுக்கும் அப்பா அணிப்பட்டியல் எழுதவில்லை.

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு வாதம். சொந்தக் கிளப், யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது, இதில் என்ன சாதனை என்கிறார்கள். முதல் இரண்டும் சரிதான், அவகாசம் கிடைத்தது அவர் முதலாளியாகவும் இருந்ததால்தான். ஆனால் ருமேனியாவில் சொந்தக் கிளப் வைத்திருந்த பணக்காரர்கள் ஏராளம், திவாலாகிக் காணாமல்போன கிளப்புகளும் ஏராளம். பணமும் அவகாசமும் கையிலிருந்தும் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களை வாராவாரம் முதல் அணியில் இறக்கிப் பட்டம் வரை போக யாரும் துணியவில்லை. ஹாஜி துணிந்தார், ஆறு வருட இடைவெளியில் இரண்டு முறை அது பலித்தது.