கடல் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வது பற்றி விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் கடல் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனாலும் இங்கே பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் காலநிலை மாற்றத்துக்கு ஒரு மேசை கட்டாயம் இருக்கும். 'நாம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் எடுத்துக்கொள்கிறது' என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். எழுதியது சரி. அதை விளக்க ஆரம்பிக்கும்போதுதான் தவறுகள் வருகின்றன. பிள்ளைகள் அந்தத் தவறுகளை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதலில் அந்த மேசையில் செய்யும் சோதனையைப் பார்ப்போம். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர், சில சொட்டு புரோமோதைமால் நீலம் (அமிலம் கூடினால் நிறம் மாறும் சாயம்), ஒரு ஸ்ட்ரா. மூச்சை ஊத ஊதத் தண்ணீர் பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். கடல் இப்படித்தான் அமிலமாகிறது என்று பிள்ளை சொல்லும். குவளையில் இருப்பது பெரும்பாலும் ஆர்.ஓ. செய்த கேன் தண்ணீர். கடல் நீர் என்று காட்ட அதில் சமையல் உப்பைக் கரைத்திருப்பார்கள். தவறு அங்கேதான். கேன் தண்ணீரில் பைகார்பனேட் மிகக் குறைவு, சமையல் உப்பில் அது கிடையாது. ஆனால் கடல் கரியமில வாயுவை இவ்வளவு வாங்கிக்கொள்வதற்குக் காரணமே அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும்தான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் உப்போடு 0.2 கிராம் ஆப்ப சோடாவையும் (அதுதான் சோடியம் பைகார்பனேட்) சேருங்கள். ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கடலின் காரத்தன்மைக்கு அது ஓரளவு பக்கத்தில் வந்துவிடும். உப்பு மட்டும் போட்ட குவளையையும் இதையும் அருகருகே வைத்து ஊதிப் பார்க்கலாம். உப்பு மட்டும் போட்டது கொஞ்ச நேரத்திலேயே மஞ்சளாகிவிடும். சோடா சேர்த்தது அவ்வளவு சீக்கிரம் மசியாது. மூன்றாவது குவளையில் வீட்டுப் போர் தண்ணீரை வைத்தால் இன்னும் நல்லது. நம் பக்கத்துக் கடின நீரில் பைகார்பனேட் நிறைய இருப்பதால் அதுவும் எளிதில் நிறம் மாறாது. ஊதும் பிள்ளை தண்ணீரை உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. கடலுக்குள் போகும் கரியமில வாயு அங்கே வாயுவாகவே அடைந்து கிடப்பதில்லை. அது தண்ணீரோடும் கார்பனேட்டோடும் வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. கடலில் கரைந்துள்ள கனிமக் கார்பனில் சுமார் 90 சதவீதம் பைகார்பனேட், வாயுவாக இருப்பது 1 சதவீதத்துக்கும் கீழே. காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ 50 மடங்கு கார்பனைக் கடல் வைத்திருப்பது இப்படித்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கார்பனேட் செலவாகிறது. அது குறையக் குறைய, புதிதாக வரும் வாயுவை வாங்கிக்கொள்ளும் திறனும் குறையும். 1957லேயே ரோஜர் ரெவல், ஹான்ஸ் சூஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இந்தத் தடையைச் சுட்டிக்காட்டினார்கள். காற்றில் கரியமில வாயு 10 சதவீதம் கூடினால், மேல்மட்டக் கடல் நீரின் மொத்தக் கார்பன் சுமார் 1 சதவீதம்தான் கூடும்.

'கடல் அமிலமாகிவிட்டது' என்று எழுதுவதும் தவறு. தொழிற்புரட்சிக்கு முன் மேல்மட்டக் கடலின் பிஎச் அளவு சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. 7க்குக் கீழே போனால்தான் அமிலம், எனவே இன்னும் காரப் பக்கம்தான் இருக்கிறது. 0.1 தானே என்று தள்ளிவிடுவது இதைவிடப் பெரிய தவறு. அது மடக்கை அளவு (ஒரு எண் குறைந்தால் பத்து மடங்கு) என்பதால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன என்று பொருள். சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் கூடவே குறைகிறது.

அடுத்ததை நான் மிக அதிகமாகப் பார்க்கிறேன். 'கடலில் மிதக்கும் நுண்தாவரங்கள் நாம் விடும் வாயுவைத் தின்று தீர்க்கின்றன' என்பது. மரம் நடும் பேச்சு பழகிப்போனதால் கடலுக்குள்ளும் ஒரு காட்டைத் தேடுகிறோம். நுண்தாவரங்கள் கார்பனை ஆழத்துக்கு அனுப்புவது உண்மை, அந்த வேலை இல்லையென்றால் காற்றில் கரியமில வாயு இப்போதைவிட நிறையவே இருக்கும். ஆனால் மனிதன் நிலக்கரியைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது நடக்கிறது. நுண்தாவரங்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு போன்ற சத்துகளும் வெளிச்சமும்தான். காற்றில் கரியமில வாயு கூடியதால் மட்டும் அவை அதிகமாகிவிடுவதில்லை. நாம் கூடுதலாக விட்டதைக் கடல் வாங்கிக்கொள்வதற்குக் காரணம் எளிமையானது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதனால் காற்றுக்கும் கடலுக்கும் இடையே வரும் அழுத்த வித்தியாசம்தான் வாயுவைத் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

மன்னார் வளைகுடா நமக்குப் பக்கம் என்பதால் 'பவளப்பாறைகள் கரியமில வாயுவைச் சேமிக்கின்றன' என்ற வரியும் அட்டைகளில் ஏறிவிடுகிறது. சுண்ணாம்பில் கார்பன் இருப்பது நிஜம்தான். ஆனால் பவளம் சுண்ணாம்பு கட்டும்போது கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகின்றன, கூடவே கரியமில வாயு வெளிப்படுகிறது. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் இதே வினைதான். பவளத்தைக் காப்பாற்ற மீன் வளம், கரைப் பாதுகாப்பு என்று வலுவான காரணங்கள் இருக்கின்றன. இல்லாத காரணத்தைச் சேர்க்க வேண்டாம். பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகள் உண்மையிலேயே கார்பனைச் சேற்றில் புதைக்கின்றன. ஆனாலும் அட்டையில் எழுதும் கால் பங்கு அவற்றால் வருவதல்ல, திறந்த கடலால் வருவது. அதிலும் எல்லாக் கடலும் ஒன்றுபோல் எடுத்துக்கொள்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் ஆழத்து நீர் மேலே வரும்போது அரபிக்கடல் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. கூடுதலாக விட்டதை அதிகம் வாங்குவது அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடல்.

அளவுகளைச் சொல்லும்போது கார்பனா, கார்பன் டை ஆக்சைடா (அதாவது கரியமில வாயுவா) என்று கவனியுங்கள். 1 டன் கார்பன் என்பது சுமார் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு. கப்பல்களில் போய் நீர் மாதிரி எடுத்துக் கணக்கிட்டதில், 1800 முதல் 1994 வரை கடலில் சேர்ந்த மனிதர்களின் கார்பன் சுமார் 11,800 கோடி டன் என்று தெரியவந்தது. கார்பன் டை ஆக்சைடாக அது ஏறத்தாழ 43,000 கோடி டன். ஒரு தகவல் முதல் கணக்கிலும் இன்னொன்று இரண்டாவது கணக்கிலும் இருந்தால் அட்டை முழுவதும் குழப்பம்தான். இன்னொன்று: பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குப் போகிறது. அந்த 90ஐ எடுத்துக் கரியமில வாயுவுக்குப் போட்டுவிடக் கூடாது.

கடைசியாக, காலம். 'கடல் ஆழமானது, எல்லாம் அடியில் போய்விடும்' என்று நினைப்பது ரொம்ப இயல்பு. காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் மேல் அடுக்கு ஓராண்டுக்குள் ஓரளவு சமநிலைக்கு வந்துவிடும். அதற்குக் கீழே கொண்டுபோவதுதான் மெதுவான வேலை. கிரீன்லாந்துப் பக்கமும் அண்டார்டிகா பக்கமும் குளிர்ந்து கனத்த நீர் இறங்கும் இடங்களில்தான் ஆழத்துக்கு நேர்வழி. முழுக் கடலும் ஒருமுறை கலக்க ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும். 1994 வரை சேர்ந்ததில் ஏறக்குறைய பாதி, 400 மீட்டர் ஆழத்துக்கு மேலேதான் இருந்தது.

ஆகவே கால் பங்கு என்பது கடல் நமக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழி இல்லை. காற்றில் வாயு கூடிக்கொண்டே போகும் வரை கடலும் வாங்கிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். கடல் சூடேறினால் கரைதிறன் குறையும், கார்பனேட் குறைந்தாலும் பங்கு குறையும். நாளைக்கு இயந்திரம் வைத்துக் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பெரிய அளவில் பிரித்தெடுத்தோம் என்று வையுங்கள். அழுத்த வித்தியாசம் திரும்பிவிடும், கடல் தான் வாங்கியதில் ஒரு பகுதியைத் திரும்பக் காற்றில் விடும். அப்போது காற்றில் ஏற்கெனவே கூடியிருப்பதோடு, கடலிலிருந்து மேலே வருவதையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும்.