ஐந்து சுரம் போதும்: தொடக்க வயலின் மாணவர்களை மனநிலைக்கு ஏற்ப வாசிக்க வைப்பது எப்படி?

வில் பிடிக்கத் தெரிந்து, இரண்டு விரல்கள் சரியான இடத்தில் விழ ஆரம்பித்ததுமே பிள்ளைகளைச் சொந்தமாக வாசிக்க விடலாம். பாடமெல்லாம் முடிந்த பிறகுதான் மனோதர்மம், அதாவது சொந்தக் கற்பனையில் வாசிப்பது, என்று காத்திருக்கத் தேவையில்லை.

நான் முதன்முதலில் இதை முயன்றபோது ஒரு முழு ஸ்கேலையும் (ஏறி இறங்கும் சுர வரிசை) கொடுத்து, "சோகமா ஏதாவது வாசிங்க" என்றேன். பாதிப் பேர் ஸ்கேலையே மெதுவாக ஏறி இறங்கினார்கள். மீதிப் பேர் வில்லைத் தூக்கவே இல்லை. அடுத்து எந்தச் சுரம் என்ற கவலையிலேயே அவர்கள் கவனம் போய்விட்டது. அதனால் இப்போது சுரத்தைக் குறைத்துக்கொண்டு வில்லிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: ஒரே தந்தி, வில் மட்டும்

விரலே வைக்காமல் டி தந்தியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். மனநிலையின் பெயரைச் சொல்ல வேண்டாம், ஒரு காட்சியைச் சொல்லுங்கள். 'சோகம்' என்றால் எல்லாரும் மெதுவாக இழுப்பார்கள், அவ்வளவுதான். "பக்கத்தில் குழந்தை தூங்குது, சத்தமில்லாமல் கடந்து போகணும்" என்றால் கை தானாக மாறும்.

வில்லில் மாற்றக்கூடியவை மூன்று: வேகம், அழுத்தம், இடம். குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் சின்ன மரத்துண்டு) பக்கத்தில் மெதுவாக, எடை கொடுத்து இழுத்தால் ஒலி கெட்டியாக, கூர்மையாக வரும். விரல் பலகைப் பக்கம் தள்ளி, லேசாக, வேகமாக இழுத்தால் மூச்சு கலந்த மாதிரி மென்மையாக இருக்கும். இரண்டையும் நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு அவர்களிடம் விடுங்கள். ஒருவர் வாசிக்க, என்ன காட்சி என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

ஒருமுறை 'தொலைந்துபோன நாயைத் தேடுகிறாய்' என்று சொன்னேன். ஒரு சிறுமி இரண்டு சின்ன வில் இழுத்தாள். நிறுத்தினாள். வில்லைத் தூக்கியபடியே தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். மறுபடி இரண்டு, இந்த முறை இன்னும் மெதுவாக. கூப்பிட்டுவிட்டுப் பதில் வருகிறதா என்று கேட்கிறாள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. இத்தனைக்கும் அவள் வாசித்தது ஒரே சுரம். அந்தக் காத்திருப்பையும் வகுப்பில் எடுத்துச் சொல்லுங்கள். வாசிக்காமல் விடுவதும் வாசிப்பில் சேர்ந்ததுதான் என்று பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

இந்தப் படியிலேயே ஒரு முழு வகுப்பு போனாலும் பரவாயில்லை.

படி 2: ஐந்து சுரம்

டி தந்தியை ஸட்ஜமாக, அதாவது அடிப்படைச் சுரமான ஸ-வாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் விரல் ரி, இரண்டாம் விரலை ஒரு முழு சுரம் தள்ளி வைத்தால் க. விரல் இல்லாத ஏ தந்தி ப, அதில் முதல் விரல் த. அப்புறம் என்ன, மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் இரண்டே விரலில் வந்துவிட்டன. டி, ஏ தந்திகள் வயலினைவிடப் பெரிய வில் வாத்தியங்களான வியோலாவிலும் செல்லோவிலும் உண்டு என்பதால் கலந்த வகுப்பிலும் இது நடக்கும். செல்லோவில் மட்டும் க-வுக்கு மூன்றாம் விரல்.

மற்ற மாணவர்கள் டி தந்தியை நீளமாக இழுத்துச் சுருதி பிடிக்கட்டும். அதன் மேல் ஒருவர் வாசிக்கும்போது தனியாக மாட்டிக்கொண்ட பயம் இருக்காது.

படி 3: கேள்வியும் பதிலும்

நீங்கள் நான்கு தட்டுக்கு ஒரு சின்ன வரி வாசித்து, ஸ தவிர வேறு சுரத்தில் நிறுத்துங்கள். மாணவர் நான்கு தட்டில் பதில் சொல்லி ஸ-வில் வந்து முடிக்கட்டும். பிறகு இருவர் இருவராகச் செய்யலாம்.

படி 4: ஒரு விரலை நகர்த்துங்கள்

சரி, இப்போது க-வை மட்டும் அரைச்சுரம் இறக்குங்கள். வயலினில் இரண்டாம் விரல் முதல் விரலை ஒட்டி வரும். செல்லோவில் மூன்றாம் விரலுக்குப் பதில் இரண்டாம் விரல். மோகனம் சிவரஞ்சனி ராகமாகிவிடும். படி 3-இல் வாசித்த அதே வரியை இப்படி வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள், நான் விளக்கத் தேவையே இருக்காது. ஆனால் 'இது சோக ராகம்' என்று முத்திரை குத்தாதீர்கள். இதையே துள்ளலான வில்லில் வாசித்தால் வேறு உணர்வு வரும், அதையும் அவர்களே முயன்று பார்க்கட்டும்.

வாசித்து முடித்த பிறகு

"நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி நகராதீர்கள். "அந்த இடத்தில் வில்லை என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அதே இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். பிடித்துப்போன ஒரு வரியை மூன்று முறை திரும்ப வாசித்து, அடுத்த வகுப்புக்கு நினைவில் வைத்துக்கொண்டு வரட்டும். அங்கிருந்தே தொடரலாம்.