குயின் பாடல்களை ஒவ்வொரு ஒலியாகக் கேட்பது எப்படி

குயின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ஹிட் பாடல்கள் இத்தனை வருடம் கழித்தும் ஏன் சலிக்கவில்லை என்று தெரிய வேண்டுமா? ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஒலியை மட்டும் பின்தொடருங்கள். ஹெட்போன் அவசியம். போன் ஸ்பீக்கரில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கித்தார் காணாமல் போய்விடும். பாஸ் வாசிக்கிறவன் என்பதால் எனக்கு அது தாங்காது.

பெரும்பாலானவர்கள் 'பொஹிமியன் ராப்சடி'யில் தொடங்கச் சொல்வார்கள். நான் 1977-இல் வந்த 'வி வில் ராக் யூ'வில் தொடங்கச் சொல்வேன். இரண்டு மிதி, ஒரு கைதட்டல், சின்ன இடைவெளி. டிரம்ஸ் இல்லை, பாஸும் இல்லை, கித்தார் கடைசியில்தான் வருகிறது. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று யோசித்துத்தான் குயினின் கித்தாரிஸ்ட் பிரையன் மே இதை எழுதினார். காலை மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம், அவ்வளவுதான். ஸ்டுடியோவில் சிலரே மிதித்துத் தட்டியதைப் பல தடவை பதிவு செய்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்திச் சேர்த்தார்கள். அதனால் எதிரொலி மாதிரி இல்லாமல் பெரிய கூட்டமே சுற்றி நிற்பது போலக் கேட்கிறது.

முதல் தடவை கூடவே தட்டுங்கள். அடுத்த தடவை கையைக் கட்டிக்கொண்டு, தட்டலுக்கு அப்புறம் வரும் வெற்றிடத்தை மட்டும் கவனியுங்கள். அடுத்த மிதிக்கு நம் காலை இழுப்பது அதுதான்.

அந்த வெற்றிடத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், 1980-இன் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' சுலபமாகத் திறந்துகொள்ளும். எழுதியவர் பாஸிஸ்ட் ஜான் டீக்கன். ஒரே சுரத்தில் மூன்று அடி அடித்துவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தை நிரப்பாமல் விட ரொம்ப நிதானம் வேண்டும். இந்தப் பாட்டில் குரலை மறந்துவிட்டு பாஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது 1975-இன் 'பொஹிமியன் ராப்சடி'. ஏறத்தாழ ஆறு நிமிடம், திரும்பத் திரும்ப வரும் கோரஸ் என்று ஒன்று கிடையாது. மூன்றாவது நிமிடம் தாண்டியதும் ஆபெரா (மேற்கத்திய இசை நாடகம்) பாணியிலான பகுதி தொடங்கும். அங்கே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முதன்மைப் பாடகர் ஃப்ரெடி மெர்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரின் குரல்கள்தான் அடுக்கடுக்காகப் பதிவாகி அத்தனை பெரிய பாடகர் குழுவாகியிருக்கின்றன. அவை இடது காதிலிருந்து வலது காதுக்குத் தாவுவதைப் பின்தொடருங்கள். உச்சத்தில் கீச்சென்று ஏறும் குரல் டிரம்மர் டெய்லருடையது. எனக்கு இன்றும் சிலிர்க்கிற இடம் அது. அந்த உச்சத்திலிருந்து அப்படியே கனமான ராக் பகுதிக்குள் விழும்போது சத்தத்தைக் குறைக்காதீர்கள்.

அப்புறம் 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி. குயினுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் சொச்சம்தான். அதில் 'ரேடியோ கா கா' வரும்போது மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பாருங்கள். கோரஸில் எல்லாக் கைகளும் தலைக்கு மேலே போய் ஒன்றாகத் தட்டும். டெய்லர் எழுதிய பாட்டு இது. குயினில் நால்வருமே ஹிட் எழுதியவர்கள் என்பதை இந்த நான்கு பாட்டுகளே காட்டிவிடும்: மே, டீக்கன், மெர்குரி, டெய்லர். ஒரே ஆளின் ருசியில் சமைத்ததாக இல்லாததால் பாட்டுக்குப் பாட்டு புதிதாக இருக்கிறது. இந்தப் பாடல்களின் ஆயுளுக்கு நான் முதலில் சொல்லும் காரணம் அதுதான்.

இவ்வளவும் கேட்டு முடித்தவர்கள் 1976-இன் 'சம்பாடி டு லவ்' பாட்டுக்குப் போகலாம். தேவாலயப் பாடகர் குழு போல ஒலிக்கும் அதிலும் அதே மூன்று குரல்கள்தான். முதலில் டெய்லரின் குரலைத் தேடுங்கள், அப்புறம் மேயின் குரலை. மெர்குரியைத் தேட வேண்டியதில்லை.